கடலுக்கும் ஒரு பூட்டு

கேள்வி: செப்டெம்பரில் மகளின் பிறந்தநாளுக்குச் சிங்க இறால் கேட்டால், "இப்ப பிடிக்கத் தடை அக்கா" என்கிறார் மீன்காரத் தம்பி. கடலையும் பூட்டுவார்களா?
– ஒரு வாசகி, நுகேகொடை

பதில்: பூட்டத்தான் வேண்டும், சகோதரி. இலங்கையில் பெப்ரவரி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் சிங்க இறால் பிடிக்கத் தடை. சினை சுமப்பதையும் புது ஓடு இறுகாததையும் எந்த மாதத்திலும் பிடிக்கக்கூடாது. ஒரு தாய் சுமப்பது இலட்சக்கணக்கான முட்டை. சட்டியில் போட்டால் ஒருநேரக் கறி. கடலில் விட்டால் பல படகுகளுக்குப் பிழைப்பு.

ஆனால் பூட்டித் திறந்தால் மட்டும் போதாது. அலாஸ்காவில் ஹாலிபட் என்ற பெரிய தட்டை மீனுக்கு, முன்பு வருடத்தில் சில நாட்களே கடலைத் திறந்தார்கள். புயலென்றும் பாராமல் எல்லாப் படகும் முண்டியடித்து ஓடின. 1995இல் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு பிரித்ததும் பருவம் சுமார் எட்டு மாதமாக நீண்டது. இலைக்கு இலை பரிமாறினால் அண்டாவை நோக்கி யார் ஓடுவார்கள்?

இன்னொன்று: தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை; அக்காலத்துக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. கடலைப் பூட்டும் கைதான் கரையில் அடுப்பையும் எரியவைக்க வேண்டும்.

மகளுக்கு நவம்பரில் சமைத்துக் கொடுங்கள். நாளை அவளுடைய மகளுக்கும் சிங்க இறால் மிஞ்சும்.