விறகு விலைக்குப் பலா, மர விலைக்கு மரத்தூள்

வா மாப்ளே, திண்ணையிலயே உக்காரு. புதுக் கட்டிலு எப்படி இருக்கு? சாரல் பட்டுக் காலெல்லாம் ஊதிப்போச்சாமே? கட்டிலுக்கு யானைக்கால் வந்த கதையை இப்பத்தான் கேள்விப்படுறேன்.

அதுமேல ஒண்ணும் தப்பு இல்லப்பா. மரத்தூளைப் பசையில குழைச்சு அமுக்கி, மேல தேக்கு மாதிரி ஒரு தாளை ஒட்டியிருக்கான். மாவு தண்ணியைக் கண்டா ஊறத்தானே செய்யும்?

எனக்கு உன்னோட கணக்குத்தான் புரியல. 2018 நவம்பர் 16-ல கஜா புயல் அடிச்சப்ப உங்க கொல்லையில விழுந்துச்சே ஒரு பலா, உங்க தாத்தா வச்சது, ரெண்டு ஆளு சேர்ந்து கட்டிப்பிடிக்கணும். அதை எடை போட்டு விறகுக்கு வித்தே. இன்னிக்கு மர விலை குடுத்து மரத்தூளை வாங்கியாந்திருக்கே. படிச்ச புள்ள, தெரியாமயா செஞ்சிருப்பே!

அன்னிக்கே சொன்னேன், பவர் ரம்பக்காரனைக் கொஞ்சம் நிறுத்துடான்னு. பாதையை மறிச்சுக் கெடக்கு மாமான்னு குதிச்சே. ஒண்ணரை அடி ஒண்ணரை அடியா முறுக்கு உடைக்கிற மாதிரி உடைச்சுப் போட்டான். ஏழடி விட்டிருந்தா நிலைக்கால் ஆயிருக்கும். நாலடின்னா வீணைக்காரன் வந்து தட்டிப் பாத்திருப்பான். தஞ்சாவூர் வீணை பலாக் கட்டையில குடையுறதுதானே, அதுக்குப் பண்ருட்டியிலேர்ந்தெல்லாம் மரம் போகுது. போகட்டும், ரெண்டரை அடியாவது விட்டானா? மிருதங்கம் ரெண்டடிக்குள்ளதான் வரும். முனை வெடிச்சா கழிக்க அரையடி மிச்சம். ஒண்ணரை அடிக்கு என்ன வரும்? அடுப்புதான் வரும்.

பலாவுல உள்ள மஞ்சளா இருக்கு பாரு, அதுதான் வைரம். வருசம் ஆக ஆகச் செவந்து பழுப்பேறும், கரையான் லேசுல வாய் வைக்காது. சுத்தியிருக்கிற வெள்ளை புழுவுக்குப் படையல். அதைச் செதுக்கித் தள்ளிப்புடணும். நீ வெள்ளையில மாவு கொட்டுறதைப் பாத்துட்டு மரமே சொத்தைன்னு முடிவு பண்ணிட்டே. இளநி மட்டையைக் கடிச்சுப் பாத்துட்டு உப்புக் கரிக்குதுன்னு சொன்ன ஆளாச்சே நீ.

அறுக்கறதுக்கு முன்னாடி ஆணி பாக்கணும். இதுல எம் பவிசையும் சொல்லிப்புடுறேன், நீ ஊர்ல போய்ச் சொல்லாதே. எங்க பலாவுல உங்க அத்தைக்குத் துணி காயப்போட கொடி கட்டுறேன்னு அந்தக் காலத்துல நாலு ஆணி அடிச்சேன். பட்டை மூடிப்போச்சு, நானும் மறந்துபோயிட்டேன். மில்லுல ஏத்துனதும் ரம்பத்துப் பல்லு பொலபொலன்னு கொட்டிப்போச்சு. அறுப்புக் கூலியைவிட ரம்பத்துக்குக் குடுத்த தண்டம் அதிகம். சேலை காஞ்சது ஒரு வருசம். அத்தை என்னைக் காயவச்சது மூணு வருசம்.

செத்த மனுசனுக்கு வாய்க்கரிசி போடுறோம்ல? மரம் விழுந்தா அன்னிக்கே ரெண்டு முனையிலயும் மிச்சம் மீதி பெயிண்டோ மெழுகோ பூசிவிடு. ஈரம் முனை வழியாத்தான் ஓட்டமா ஓடும். அது ஓடுன வேகத்துல கட்டை வெடிச்சுப்போகும். பலகையா அறுத்ததும் நெழல்ல, காத்தாட, ஒண்ணுக்கொண்ணு நடுவுல குச்சி குடுத்து அடுக்கு. ஒரு அங்குலக் கனத்துக்கு ஒரு வருசம் பொறுக்கணும். கல்யாணப் பொண்ணுக்கு அஞ்சு வருசம் ஜாதகம் பாத்தவன் நீ, பலகைக்கு ஒரு வருசம் பொறுக்க மாட்டியா?

மாமரத்துக்கு இந்தப் பொறுமையும் ஆகாது. பட்டையோட போட்டுவச்சா வண்டு துளைச்சுப்புடும், கறுத்தும் போகும். விழுந்த சூட்டோட அறுத்துடணும். வெயில் மழைக்கு நிக்காதுதான், வீட்டுக்குள்ள அலமாரித் தட்டுக்கும் பெட்டிக்கும் போதும். உன் கட்டிலுக்கு எவ்வளவோ மேல். கொய்யாக் கிளை கிடைச்சா மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்க. நீ எங்க மண்வெட்டி பிடிக்கப்போறே, எனக்குக் குடு.

கேணி ஓரத்து மா வேரு தூக்கிச் சாஞ்சு நிக்குதுன்னு உங்க அம்மா சொல்லிச்சு. ரம்பக்காரனுக்குப் போன் போட்டுட்டியா? போட்டிருந்தா நாளைக்கு வேணாம்னு சொல்லிப்புடு. வெயில் ஏறுறதுக்குள்ள அளவு நூலோட நான் வர்றேன். நீ வெத்தலை மட்டும் வாங்கி வை.