24 டிகிரி தாம்பத்தியம்

கல்யாணமான புதிதில் எங்கள் சண்டைகளுக்கு ஒரு தரம் இருந்தது. சீர்வரிசை, நாத்தனார் சொன்ன ஒரு வார்த்தை, தலைதீபாவளி மோதிரத்தின் எடை என்று ஒவ்வொன்றுக்கும் கனமான காரணம் உண்டு. ஐம்பதைத் தாண்டியதும் எல்லாம் தானாகத் தீர்ந்துவிட்டன. அம்மாவும் சம்சாரமும் இப்போது ஒரே சீரியலைப் பார்த்து ஒரே வில்லியைத் திட்டுகிறார்கள். மிச்சமிருப்பது ஒரே ஒரு வழக்கு: படுக்கையறை ஏசியை எத்தனையில் வைப்பது?

எனக்கு 27. அவளுக்கு 22. நடுவில் மத்திய அரசு வேறு பஞ்சாயத்துக்கு வந்து உட்கார்ந்திருக்கிறது. 2020 ஜனவரி 1 முதல், நட்சத்திர முத்திரை பெறும் ஏசிகள் ஆன் செய்ததும் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. எங்கள் இருவர் கோரிக்கையையும் கூட்டி இரண்டால் வகுத்தால் இருபத்துநாலரை வருகிறது. அந்த அரை டிகிரியை அரசாங்கம் அவள் பக்கம் தள்ளிவிட்டது. எந்தப் பஞ்சாயத்தில்தான் புருஷனுக்கு நியாயம் கிடைத்திருக்கிறது!

சட்டம் கைகொடுக்காததால் கணக்கைக் கையிலெடுத்தேன். ஒரு டிகிரி கூட்டினால் ஏறக்குறைய 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்று மத்திய அரசே சொல்கிறது. நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 500 யூனிட்டுக்குள் நின்றால் பிழைத்தோம். 501 ஆனால் அந்த ஒரு யூனிட்டோடு போவதில்லை. 101-லிருந்து 200 வரை கிடைத்த சலுகை விலையும் சேர்ந்து போய்விடும். இதையெல்லாம் பேப்பரில் எழுதியே காட்டினேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டு, ஒரே வரியில் தீர்ப்பு சொன்னாள்.

"குளிர்றவங்க மேல ஒண்ணைப் போத்திக்கலாம். புழுங்குறவ தோலையா உரிச்சுப் போட முடியும்?"

இதற்குப் பதில் சொல்லத் தெரிந்த கணவர்கள் எனக்குத் தெரிவிக்கலாம்.

அவள் சொல்வதில் வைத்தியமும் இருக்கிறது. மாதவிடாய் நிற்கும் வயதில் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது. மூளையில் உடம்புச் சூட்டைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் துளி மாற்றத்தையும் தாங்காமல் பதறுகிறது. தை மாதத்திலும் திடீரென்று முகம் சிவந்து, கழுத்தெல்லாம் வியர்த்து எழுந்து உட்காருவாள். டாக்டரம்மா இதை விளக்கியபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். "வீட்டுல எல்லாரும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகணும்" என்று என்னைப் பார்த்தே சொன்னார். "எல்லாரும்" என்பது நான் ஒருவன்தான். அன்றிலிருந்து சென்னையில் கத்திரி வெயிலிலும் மங்கி கேப் போட்டுக்கொண்டு தூங்குகிற ஒரே ஆள் நான் என்று நினைக்கிறேன்.

இருந்தாலும் நடுராத்திரியில் கை அரிக்கும். அவள் அயர்ந்து தூங்குகிறாள் என்று நம்பி, தலையணைக்கு அடியிலிருந்து ரிமோட்டை உருவி ஒரே ஒரு தட்டுத் தட்டுவேன். அந்த ஏசி இருக்கிறதே, எட்டப்பன் பரம்பரை. 'டிங்' என்று என்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

"எத்தனைல இருக்கு?" இருட்டிலிருந்து குரல்.

"இருபத்திநாலுலதாம்மா."

"அப்புறம் எதுக்கு டிங்?"

நானும் குறட்டை விட்டுப் பார்த்திருக்கிறேன். என் உண்மையான குறட்டையை இத்தனை வருஷமாகக் கேட்டவளிடம் போலிக் குறட்டை எடுபடாது.

ஹாஸ்டலிலிருந்து மகள் வந்துவிட்டால் கதையே வேறு. அவளுக்கு 18 டிகிரி வேண்டும். கூடவே கம்பளியும் வேண்டும். இரண்டும் ஏன் என்று நான் கேட்பதில்லை. 500 யூனிட் கணக்கை எழுதிய அந்தப் பேப்பரும் அவள் ஊருக்குக் கிளம்பும்வரை வெளியே வராது. "பொண்ணு கேட்டா மட்டும் கரண்ட் சும்மா வருதா?" என்று சம்சாரம் கேட்பாள். அப்போதுதான் எனக்குக் காது கொஞ்சம் மந்தம் என்பது நினைவுக்கு வரும். ஹாலில் ஃபேனுக்குக் கீழே படுத்திருக்கும் அம்மாவுக்கோ இவை எதிலும் சிரத்தை இல்லை. "அடச்சு வெச்ச ரூம்ல எப்படித்தான் மூச்சு விடறீங்களோ" என்பதோடு சரி.

எங்களுக்குள் முழு ஒற்றுமை வருவது கரண்ட் போகும்போதுதான். இருவருமே பால்கனிக்கு வந்து, ஒரே குரலில் மூன்றாவது ஆளைத் திட்டுவோம். கரண்ட் வந்ததும் ரிமோட்டை நோக்கி ஓட்டம். மூட்டுவலி அவளுக்கென்று பெயர்; ஆனால் முதலில் போய்ச் சேருவது அவள்தான்.

புதிதாக ஏசி வாங்கப்போகிற தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. கடைக்காரர் அறையின் நீள அகலம் கேட்பார், எத்தனையாவது மாடி என்பார், மேற்கு வெயில் படுமா என்பார். உங்களுக்கும் உங்கள் மனைவிக்கும் இன்னும் பத்து வருஷம் கழித்து என்ன வயதாகும் என்று கேட்கமாட்டார். அதை நீங்களே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ரிமோட்டைத் தட்டினால் சத்தம் போடாத மாடல் இருக்கிறதா என்றும் கேளுங்கள். இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.