குளியல் வாளியும் வேட்டைநாயின் ஐயமும்: ஒரு பின்கட்டு ஆய்வு

நாய் குளிக்க மறுப்பதற்குத் தண்ணீர்தான் காரணம் என்றொரு கொள்கை நெடுங்காலமாக எதிர்ப்பின்றி நிலவி வருகிறது. இக்கட்டுரை அதை மறுக்க எழுந்தது.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நாய் கன்னி இனம், ஆண், உடல் கருமை, கன்னத்திலும் கால்களிலும் செம்பழுப்பு. பெயர் டைகர். முயலை விரட்டிப் பிடிப்பதற்கென்றே தென்தமிழ்நாட்டுக் கரிசல் காட்டில் வளர்த்தெடுக்கப்பட்ட வம்சம். குக்கர் விசிலடித்தால் கட்டிலுக்கடியில் போய்விடும். இதுநாள்வரை யாரையும் கடித்ததில்லை. குரைத்தது உண்டு, குரைத்துவிட்டு யார் குரைத்தது என்று திரும்பிப் பார்த்ததும் உண்டு. ஆய்வுக்களம் கோவில்பட்டியில் ஒரு வீட்டின் பின்கட்டு, துவைக்கிற கல்லுக்கும் துணிக்கொடிக்கும் நடுவிலுள்ள சிமெண்டுத் தளம்.

தண்ணீர்க் கொள்கையை முதலில் முடித்துவிடலாம். மழை பெய்தால் டைகர் முற்றத்தில்தான் நிற்கும். வாசல் தெளித்த ஈரத்தில் வயிறு படியப் படுக்கும். தெருக்குழாயடியில் தேங்கிய கலங்கலில் முன்னங்கால் இரண்டையும் வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசிக்கும். அதே தண்ணீர் வாளியில் ஏறியதும் டைகரைக் காணோம். தண்ணீர் மாறவில்லை, பாத்திரம்தான் மாறியிருக்கிறது. ஆகவே குற்றம் தண்ணீர்மேல் இல்லை என்க.

சோப்புக் கொள்கை கொஞ்சம் வலுவானது. மனிதத் தோலின் அமிலத்தன்மை சுமார் 5.5 பிஎச், நாயின் தோல் நடுநிலையான 7-ஐ ஒட்டியது, நம்முடையதைவிட மெல்லியதும்கூட. நமக்கென்று செய்த ஷாம்பு அதற்கு அரிப்பைத்தான் தரும். ஆனால் ஷாம்புப் புட்டி வெளியே வரும் முன்பே டைகர் கட்டிலடிக்குப் போயிருக்கும். இன்னும் தேய்க்காத சோப்பு எப்படிக் காரணமாகும்?

எஞ்சுவது சதிக் கொள்கை. நாய் அஞ்சுவது குளியலுக்காக அன்று. குளியலை ஒட்டி வீட்டார் செய்யும் சதிக்காக. இதற்கான தரவுகள் ஒவ்வொரு ஞாயிறு காலையும் கிடைக்கின்றன. அப்பா நல்ல வேட்டியை அவிழ்த்துவிட்டுச் சாயம்போன கைலிக்கு மாறுகிறார். தம்பி பின்வாசலைத் தாழிட்டுவிட்டு, தாழிடாதவன்போல் வானத்தைப் பார்க்கிறான். எல்லாவற்றையும்விட அம்மாவின் குரல். ஆறு நாளும் “ஏ, தள்ளிப் படு” என்று விளிக்கப்படும் நாய், ஏழாம் நாள் மட்டும் “என் தங்கம்ல, வாய்யா ராசா” ஆகிறது. காரணமில்லாமல் மரியாதை கூடினால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? கன்னி கண்ணால் வேட்டையாடும் இனம். தொலைவில் முயலின் காது அசைவதைப் பிடிக்கிற கண், அடுக்களையில் பழந்துண்டு தோள்மாறுவதை விட்டுவிடாது. நம் நகைச்சுவைக்கு இலக்காகும் அதன் பயந்த சுபாவமும், அதன் பாட்டன்மார்களை முயலிடம் சேர்த்த கூர்மையும் ஒரே சரக்குதான்.

இத்துறையில் முன்னோடி பாவ்லோவ். செரிமான ஆய்வுக்காக 1904-இல் நோபல் பரிசு பெற்ற அவர், உணவுக்கு முன் வரும் ஒலிக்கே நாய்க்கு எச்சில் ஊறும் என்று காட்டினார். எங்கள் வீட்டில் வாளியின் பிடி ‘டங்’கென்று விழுந்ததும் எச்சில் வற்றுகிறது. அவர் ஒலிக்கவிட்ட மெட்ரோனோம் என்னும் தாளக்கருவிக்கு இது எவ்விதத்திலும் குறைந்த கருவியன்று. நாம் ஏறக்குறைய 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடுகிறோம், நாய் 45,000 வரை கேட்கிறது. அந்த ‘டங்’கில் நமக்குக் கேட்காத எத்தனை ‘டங்’ இருக்கிறதோ.

பாவ்லோவிடம் இன்னொரு செய்தியும் உண்டு. அதில் சிரிப்பு இல்லை. 1924 செப்டம்பரில் லெனின்கிராடில் வெள்ளம் வந்து அவருடைய நாய்க்கூண்டுகள் மூழ்கின. நாய்களைத் தண்ணீரில் நீந்த வைத்துத்தான் மீட்டார்கள். பிறகு பார்த்தால், சில நாய்கள் பாடுபட்டுப் பழகியதையெல்லாம் மறந்திருந்தன. அதிகம் பாதிக்கப்பட்டவை இயல்பிலேயே கூச்சமும் அச்சமும் கொண்டவை. தேறிவந்த ஒரு நாயின் அறைக்குள் கதவடியில் கொஞ்சம் தண்ணீரைக் கசியவிட்டார்கள். அது மறுபடியும் நிலைகுலைந்தது.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் எதிர்வீட்டு அறிஞர். மதில்மேல் முழங்கையை ஊன்றியபடி அவர் முன்வைப்பது அமுக்கல் கோட்பாடு: “நாலு பேரு சேந்து அமுக்கிப் பிடிச்சா அஞ்சு நிமிசத்துல முடிஞ்சிரும்.” உண்மை, முடிந்துவிடும். அந்த ஐந்து நிமிடத்தை நாய் மாதக்கணக்கில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கும் என்பதை அக்கோட்பாடு கணக்கில் எடுப்பதில்லை.

அமுக்கலுக்கு முன்பே நாய் மனு கொடுத்துவிடுகிறது, படிக்கத்தான் ஆளில்லை. நார்வேயைச் சேர்ந்த பயிற்சியாளர் துரித் ருகாஸ் இம்மனுக்களைத் தொகுத்து ஒரு நூலே எழுதியிருக்கிறார். மூக்கை நக்கிக்கொள்வது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கொட்டாவி விடுவது எல்லாம் ‘கொஞ்சம் பொறுங்கள்’ என்பதன் பல வடிவங்கள். எங்கள் வீட்டு மரபுரை வேறு. கொட்டாவிக்கு “தூக்கம் வருது”, முகத்திருப்பலுக்கு “திமிரு”, மூக்கு நக்கலுக்கு “பசிக்குது”. சிமெண்டில் பதிந்த ஈரப் பாதச்சுவடுகளுக்கு உரையே இல்லை. நாய்க்கு வியர்ப்பது பெரும்பாலும் பாதத்தில்தான். பதற்றம் ஏறினால் அங்கே ஈரம் கசியும்.

ஆய்வின் திருப்புமுனை ஆச்சியால் நேர்ந்தது. திண்ணையில் வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தவர் சொன்னார்: “ஏய்யா, அத ஏன் புடிச்சு வைக்க? அது பாட்டுக்கு நிக்கட்டும். போனாலும் திரும்பி வரும்.” முறையியல் முழுவதும் இதற்குள் அடக்கம். சிமெண்டில் கால் வழுக்குவதே பாதிப் பயம் என்பதால் ஒரு சாக்கை விரித்தோம். வாளியை ஞாயிற்றுக்கிழமை விருந்தாளியாக வைக்காமல் வாரம் முழுக்கப் பின்கட்டிலேயே விட்டோம். பிடியும் அவ்வப்போது காரணமின்றி ‘டங்’கென்றது. அகலத் தட்டில் தயிரைப் பரப்பி வைத்தோம். நக்குகிற நேரத்தில் தோளில் ஈரத்துணி, அவ்வளவுதான். தயிர் தீர்ந்தால் வேலையும் தீர்ந்தது. பிறகு முதுகு, அப்புறம் வயிறு. வெதுவெதுப்பான தண்ணீரைச் செம்பில் மொண்டு உடம்போடு ஒட்டி ஊற்றினோம், உயரத்திலிருந்து கொட்டவில்லை. தலையில் ஊற்றவே கூடாது. காதுத்துளை உள்ளே வளைந்து திரும்புவதால் போன தண்ணீர் எளிதில் வெளியே வராது. முகத்துக்குத் துணி போதும். பின்வாசல் திறந்தே கிடந்தது. டைகர் போனது, வந்தது, தயிரைப் பார்த்தது. தேங்காய்நார்போலச் சிக்கு விழும் முடியெல்லாம் இந்த இனத்துக்குக் கிடையாது. ரப்பர் கையுறையால் தடவினாலே உதிர்முடி வந்துவிடும். காதடியிலும் விரலிடுக்கிலும் உண்ணி பார்ப்பதுதான் மிச்சம்.

குளித்து முடிந்ததும் நிகழும் உதறலைப் பொறியியலார் முறையாக ஆராய்ந்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் ஆண்ட்ரூ டிக்கர்சனும் டேவிட் ஹூவும் குழுவினரும் 2012-இல் வெளியிட்ட ஆய்வின்படி, உடம்பு சிறுத்தால் உதறல் வேகம் கூடும்: சுண்டெலி விநாடிக்குச் சுமார் 30 முறை, லாப்ரடார் நாலைந்து முறை. முடியிலுள்ள நீரில் 70 விழுக்காடுவரை விநாடிக்கும் குறைந்த நேரத்தில் போய்விடும். எங்கே போகும் என்பதை அப்பாவின் கைலி ஏற்கெனவே நிறுவியிருந்தது. உதறியதும் டைகர் வீட்டை மூன்று சுற்றுச் சுற்றி, மதிலோரக் கரிசல் மண்ணில் புரண்டு, ஷாம்பு வாசனையைத் திருத்திக்கொள்கிறது.

நகம் தனி நூலுக்குரிய பொருள். முன்னங்காலில் ஐந்தைந்து, பின்னங்காலில் நான்கு நான்கு, ஆக 18. தரையைத் தொடாத அந்த ஐந்தாவது நகம் தேய்வதில்லை. விட்டால் வளைந்து சதையில் ஏறும். கன்னிக்கு நகமும் கருப்பு. உள்ளே ரத்தக்குழாய் எதுவரை வந்திருக்கிறது என்பது வெளியே தெரியாது. ஆகவே நுனியிலிருந்து அரிசி கனத்துக்குச் சீவிக்கொண்டே வந்து, வெட்டிய முகத்தின் நடுவில் சின்னப் புள்ளி தெரிந்ததும் கத்திரியைக் கீழே வைத்துவிட வேண்டும். மீறிப்போய் ரத்தம் கண்டால் கார்ன்ஃப்ளார் மாவை அப்பி அழுத்தலாம். ஒரு தயிர்த் தட்டுக்கு ஒரு நகம் என்பது டைகர் ஒப்புக்கொண்டிருக்கும் விகிதம். முன்னங்கால்கள் இரண்டும் முடிந்துவிட்டன. பின்னங்கால்களுக்கு உறை மோர் போதாது என்று அம்மா சொல்வதால், ஆய்வு வரும் வாரத்துக்குத் தள்ளி வைக்கப்படுகிறது.