டெர்மினலைக் கெடுப்பது எப்படி?

லூமுட்டில் டெர்மினல் என்றால் ஜெட்டிக்குப் பக்கத்தில் பஸ் நிற்கிற இடம். "டெர்மினலை ஏஜெண்டிடம் விடப் போகிறேன்" என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். "அப்படியே எனக்கு ஈப்போவுக்கு ஒரு டிக்கெட் போடச் சொல்லு தம்பி" என்றார் பக்கத்து மேசை அண்ணன்.

நான் சொன்னது கணினியின் கறுப்புத் திரை. அதில் இப்போது ஏஐ ஏஜெண்டுகள் வேலை பார்க்கின்றன. செஷன் திறக்க, விசை அழுத்த, திரையைப் படிக்க, மூட என்று அவற்றுக்குக் கருவிகள் கொடுக்கிறோம். ஒவ்வொன்றுக்கும் ஒரு விளக்கக் குறிப்பு எழுத வேண்டும். ஏஜெண்டுக்குத் தெரிந்ததெல்லாம் அந்தக் குறிப்புதான். ஆகவே டெர்மினலைக் கெடுக்க வேறெங்கும் கை வைக்க வேண்டாம், குறிப்பைக் கெடுத்தால் போதும்.

முதலில், சுருக்கம். எஸ்டேட் பெரட்டில் மண்டோர் புது ஆளுக்கு எந்த நிரை, எவ்வளவு ஆழம், கத்தி கட்டையில் படக்கூடாது என்றெல்லாம் சொல்லித்தான் பால்மரம் வெட்ட அனுப்புவார். பழைய பாணி அது. நீங்கள் 'கட்டளையை இயக்கும்' என்று இரண்டே சொல்லில் முடியுங்கள். டெர்மினல் செஷன்களை நடத்தும் டீமக்ஸ் நிரலில் சென்ட்-கீஸ் வழியாக 'எல்எஸ்' என்ற கட்டளையை அனுப்பினால் எழுத்து மட்டும்தான் போய் விழும். எண்டரைத் தனியாகச் சொல்ல வேண்டும். இதை மூச்சு விடாதீர்கள். ஏஜெண்ட் அனுப்பும், காத்திருக்கும், ஒன்றும் நடக்காததால் மறுபடி அனுப்பும். திரையில் 'எல்எஸ்எல்எஸ்' நிற்கும். அப்புறம் எண்டர் தட்டினால், அப்படி ஒரு கட்டளையே இல்லை என்று பதில் வரும்.

அடுத்து, திரை. பின்னணியில் திறந்த டீமக்ஸ் செஷன் வழக்கமாக 80 எழுத்து அகலம், 24 வரி உயரம். திரையைப் படிக்கும் கேப்சர்-பேனை வெறுமனே அழைத்தால் கண்ணுக்குத் தெரியும் வரிகள் மட்டுமே கிடைக்கும். மேலே போன 2000 வரி வரை சேமிப்பில் இருந்தாலும், கேட்டால்தான் வரும். குறிப்பில் 'வெளியீட்டைத் தரும்' என்று எழுதுங்கள். பிழை முப்பது வரி மேலே போயிருக்கும். ஏஜெண்ட் கீழே பார்த்துவிட்டு எல்லாம் சுபம் என்று அறிக்கை கொடுக்கும்.

கடவுச்சொல் கேட்டு நிற்கிற நிரலுக்கு எத்தனை விநாடி காத்திருக்கலாம் என்பதையும் குறிப்பில் எழுத மறந்துவிடுங்கள்.

இனி என் சொந்தச் சாதனை. கில்-செஷன் ஒரு செஷனை மூடும். கில்-சர்வர் இருக்கிற எல்லாவற்றையும் மூடும். இரண்டுக்கும் 'முடித்து வைக்கும்' என்றே எழுதியிருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, 'பழைய செஷனை மூடு' என்று சொல்லிவிட்டு பங்கோர் ஃபெரியில் ஏறினேன். அந்த ஃபெரி முதலில் சுங்கை பினாங் கெச்சிலில் நிற்கும், பிறகுதான் பங்கோர் பட்டணம். கரை தெரிந்ததும் பெட்டியோடு எழுந்த ஒரு குடும்பத்தை "இது இல்லைங்க, அடுத்தது" என்று உட்கார வைத்தேன். அந்த நேரத்தில் என் ஏஜெண்ட் பாதியில் ஓடிக்கொண்டிருந்த பேக்கப்பையும் சேர்த்து எல்லாவற்றையும் முடித்து வைத்துவிட்டது.

கடைசி உத்தி, குறிப்பில் வழவழா சொல் போடுவது. இதற்கு இந்தக் கடலிலேயே முன்னோடி உண்டு. 1874 ஜனவரி 20 அன்று பங்கோர் கரையோரம் புளூட்டோ கப்பலில் கையெழுத்தான உடன்படிக்கை, மலாய் மதமும் வழக்கமும் நீங்கலாக மற்ற எல்லாவற்றிலும் பேராக் சுல்தான் பிரிட்டிஷ் ரெசிடெண்டின் 'ஆலோசனை'யைக் கேட்டு நடக்க வேண்டும் என்றது. கேட்டே ஆக வேண்டிய ஆலோசனைக்கு என்ன பெயர்? முதல் ரெசிடெண்ட் பர்ச் அதை ஆணையாகவே நடத்தினார். 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் கொல்லப்பட்டார். வரி, அடிமைமுறை என்று காரணங்கள் பல. ஆனால் அந்த ஒரு சொல்லின் பங்கு சின்னதில்லை.

இத்தனைக்குப் பிறகும் கெடுக்க மனம் வராதவர்களுக்கு, கில்-சர்வருக்கு நான் இப்போது எழுதி வைத்திருப்பது இது: 'எல்லாச் செஷன்களையும் மூடும். ஓடும் வேலைகள் நின்றுவிடும், மீட்க முடியாது. ஒன்றை மட்டும் மூட இதைத் தொடாதே. கில்-செஷனில் பெயரைக் கொடு. சந்தேகம் இருந்தால் மனிதரைக் கேள்.'

அப்படியே ஃபெரிக்கும் ஒரு குறிப்பு. பங்கோருக்கு முதல் தடவை போகிறவர்கள் கவனியுங்கள்: முதல் ஜெட்டியில் இறங்க வேண்டாம், பட்டணம் அடுத்தது.