பின்சீட்டில் கட்டையைச் சாய்த்தல்

காரில் தூங்குவது இரு வகைப்படும். ஓடுகிற காரில் உட்கார்ந்தபடி தூங்குவது ஒன்று. நிறுத்திய காரில் படுத்துத் தூங்குவது மற்றொன்று. இருபத்தைந்து வயதுக்காரருக்கு இரண்டும் ஒன்றே. அறுபதைத் தாண்டியவருக்கு இரண்டும் இல்லை.

இந்த உண்மை விளங்க ஏற்ற காலம், பங்குனி உத்திரத்துக்கு முந்தைய இரவு. சென்னையில் குடியேறிய நெல்லைப் பக்கத்துக் குடும்பங்கள் அன்று குலதெய்வமான சாஸ்தாவின் கோயிலுக்குப் புறப்படும். தூரம் 600 கிலோமீட்டருக்கு மேல். ரயிலில் படுத்துக்கொண்டே போகலாம். ஆனால் டிக்கெட் எடுக்க வேண்டிய நாளில் அது நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முன்பதிவுக் காலம் 120 நாளாக இருந்தபோது “இன்னும் நாள் கிடக்கு” என்று இருந்தவர்கள், 2024 நவம்பரில் அது 60 நாளாகச் சுருங்கிய பின்னும் அப்படியே இருக்கிறார்கள். கடைசியில் வெயிட்டிங் லிஸ்ட்டைப் பார்த்துவிட்டு மகன் சொல்லும் வாக்கியம் இது: “கார்லயே போயிரலாம்ப்பா. நீங்க பின்னாடி நல்லாப் படுத்துக்கிட்டு வரலாம்.” மறுத்தால் வயதை ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் அப்பாவும் சம்மதிப்பார்.

இதில் முதலில் ஆராயத் தக்கது ‘படுத்து’ என்ற சொல். இந்தியாவில் 4 மீட்டர் நீளத்தைத் தாண்டாத சிறு கார்களுக்கு வரி குறைவு. ஆகவே நடுத்தரக் குடும்பத்தின் கார் பெரும்பாலும் அந்த அளவுக்குள் அடங்கிவிடும். பின்சீட்டில் கதவுக்குக் கதவு கிடைக்கும் இடம் சுமார் 130 சென்டிமீட்டர். படுப்பவரின் உயரம் 165 என்று கொண்டால் 35 சென்டிமீட்டர் மனிதர் மிச்சம். இளைஞர் அந்த மிச்சத்தை முழங்காலில் மடித்து முடித்துவிடுவார். மூத்தவரின் முழங்காலும் மடியும். மடித்ததை நீட்டத்தான் தனியாக நேரம் கேட்கும். இந்தக் கணக்கும் பின்சீட்டில் வேறு ஆள் இல்லாதபோதுதான் பொருந்தும். வழக்கமாக அங்கே மனைவியும் பொங்கல் பானையும் இருப்பதால், செங்கல்பட்டு வருமுன்பே ‘படுத்து’ என்பது ‘சாய்ந்து’ என்று திருத்தப்படும்.

சாய்வதில் உள்ள சிக்கல் கழுத்து. மனிதத் தலையின் எடை ஏறத்தாழ 5 கிலோ. விழித்திருக்கும்வரை கழுத்துத் தசைகள் முணுமுணுக்காமல் அதைச் சுமக்கும். உறக்கம் வர வரப் பிடியைத் தளர்த்தும். கனவு காணும் கட்டத்தில் அடியோடு கைவிட்டுவிடும். தலை தொங்கிய வேகத்தில் ஆள் திடுக்கிட்டு விழித்து, “எந்த ஊர் தாண்டியிருக்கு?” என்பார். பதில் எப்போதும் அவர் நினைத்ததற்கு ஓர் ஊர் முன்னதாகவே இருக்கும். சீட்டின் தலைத்தாங்கி இதற்கு உதவாது. அது தலையணை அல்ல. பின்னாலிருந்து வண்டி மோதினால் கழுத்து வெட்டி இழுக்காமல் இருக்க வைத்தது. அமெரிக்காவில் 1969 முதல் புதிய கார்களின் முன்சீட்டுகளுக்கு அது கட்டாயமாயிற்று. முன்சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுக்கலாம் என்றால், சீட் பெல்ட் இடுப்பெலும்பை விட்டு வயிற்றுக்கு ஏறிவிடும். மோதலில் உடல் பெல்ட்டுக்கு அடியில் வழுக்கிப் போகும். எனவே வண்டி ஓடும்போது அது ஆகாது.

வயதாக ஆக ஆழ்ந்த உறக்கத்தின் பங்கு குறைந்து கோழித் தூக்கம் மிகுகிறது. வேகத்தடை, எதிர் லாரியின் வெளிச்சம், தன் குறட்டை ஆகிய எதுவும் அதைக் கலைக்கப் போதுமானது. போதாததற்கு ஏசி. டிரைவருக்குத் தூக்கம் வராமல் இருக்க ஒரு குளிர் தேவை. பின்சீட்டுக்குத் தூக்கம் வராமல் போக ஒரு குளிர் உண்டு. இரண்டும் ஒரே அளவு என்பதால் மஃப்ளர் கட்டிக்கொள்வதைத் தவிர வழியில்லை.

அடுத்தது சிறுநீர். பகலில் கால்களில் தேங்கும் நீர், படுத்ததும் ரத்தத்தில் திரும்பிச் சேர்ந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. இரவில் சிறுநீரைக் குறைக்கும் ஹார்மோனும் வயதில் மட்டுப்படுகிறது; ஆண்களுக்குப் புராஸ்டேட் வீக்கம் வேறு. முன்பெல்லாம் டோல்கேட் வரிசையில் வண்டி நிற்கும்போது, பொதுவாகக் காலாற இறங்குவதுபோல இறங்கி வரலாம். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமானதும் வரிசை குறைந்தது. அந்தச் சாக்கும் போயிற்று. இப்போது விக்கிரவாண்டியில் வாய்விட்டுக் கேட்க வேண்டும். உளுந்தூர்பேட்டையில் மறுபடி கேட்க வேண்டும். மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்படுபவர், “தம்பி, நீ ஒரு காபி குடிச்சிட்டு ஓட்டேன்” என்று அக்கறை காட்டுவார். நெடுஞ்சாலையில் வரிசையாக நிற்கும் கும்பகோணம் டிகிரி காபிக் கடைகளின் செழிப்பில் இந்த அக்கறைக்கும் பங்கு உண்டு.

படுத்தால் சிறுநீராகும் அதே நீர், இரவெல்லாம் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் வீக்கமாகிறது. மாலையில் தாராளமாக இருந்த செருப்பு விடியலில் வேறு யாருடையதோ போலிருக்கும். இதற்குச் சிரிக்க முடியாத ஒரு பக்கமும் உண்டு. 1940-ல் லண்டனில் குண்டுவீச்சுக்கு அஞ்சிப் பதுங்கிடங்களில் மடக்கு நாற்காலியிலேயே இரவைக் கழித்தவர்களில் சிலர், நுரையீரலில் ரத்தக்கட்டி அடைத்து இறந்ததை கீத் சிம்சன் என்ற மருத்துவர் பதிவுசெய்தார். 1954-ல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜான் ஹோமன்ஸ், விமானத்திலும் காரிலும் நெடுநேரம் உட்கார்ந்து வந்தவர்களுக்குக் காலில் ரத்தம் உறைந்ததை எழுதினார். ஜப்பானின் நீகாட்டாவில் 2004-ல் நிலநடுக்கத்துக்குப் பின் வீட்டுக்குள் போக அஞ்சிக் காரிலேயே உறங்கியவர்களில் சிலருக்கும் இதே கதி நேர்ந்தது. ஆகையால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதும், சிறுநீருக்குப் பயந்து தண்ணீரைக் குறைக்காதிருப்பதும் அவசியம். மூன்றாம் முறை கேட்கக் கூச்சப்பட்டுக் காபிக்கு வண்டியை நிறுத்தச் சொல்பவர் உண்மையில் வண்டியில் இருக்கும் எல்லாருக்கும் நன்மை செய்கிறவர்.

டிரைவருக்குக் கண் சொருகும் நேரம் பின்னிரவு 2 முதல் 5 மணி வரை. அப்போது பெட்ரோல் பங்க் ஓரம் நிறுத்துவதே அறிவுடைமை. இனி இரண்டாம் வகைத் தூக்கம். கண்ணாடியை இறக்கினால் கொசு, ஏற்றினால் புழுக்கம். எஞ்சினை ஓடவிட்டு ஏசி போட்டால் கார்பன் மோனாக்சைடு உள்ளே கசியும் அபாயம். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குபவரை எழுப்பாமலே கொண்டுபோய்விடும். மூன்றிலும் கொசுவே உத்தமம். அது எழுப்பிவிட்டுத்தான் கடிக்கும்.

விடியலில், கோவில்பட்டி தாண்டி, இறங்கும் சடங்கு நடக்கும். முதலில் கதவு திறக்கும். சற்றுப் பொறுத்து ஒரு கால் வரும். அது தரையைத் தொட்டபின் மற்றதுக்குக் குரக்களி இழுக்கும். கதவின் மேல்விளிம்பைப் பிடித்து இடுப்பு எழும். முதுகு கடைசியில் வந்து சேரும். தலை மட்டும் பக்கத்துக் கண்ணாடியில் சாய்ந்த கோணத்திலேயே நிற்பதால், சாமி கும்பிடும்போது அடுத்த சன்னதியைப் பார்ப்பதுபோல் தோன்றும்.

பரிகாரம் எளிது. பாதித் தூரத்தில் திருச்சி இருக்கிறது. அறை எடுத்துத் தங்கி, காலை நீட்டிப் படுத்து, விடிந்ததும் கிளம்பலாம். இந்த யோசனையை முதலில் தட்டிவிடுபவர் கழுத்து வலிக்காரரே: “நாலு மணி நேரத் தூக்கத்துக்கு ரூமா?” அதன்பின் வண்டி நிற்காது. மகனின் வாக்கியத்தில் ‘படுத்து’ செங்கல்பட்டிலும் ‘நல்லா’ விக்கிரவாண்டியிலும் உதிர்ந்துவிடும். ஊர் போய்ச் சேரும்போது மிஞ்சியிருப்பவை ‘பின்னாடி’, ‘வரலாம்’ என்ற இரண்டே.