ஓய்வெடுக்க மூன்று குழுக்கள்

ரொறன்ரோவில் நாங்கள் இருக்கும் அஜின்கோர்ட்டுக்குக் கடல் இல்லை. ஷெப்பர்ட் வீதிதான் இருக்கிறது. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அதன் இரைச்சல் பருத்தித்துறைக் கடல் மாதிரி இருக்கும் என்று சின்னண்ணர் சொல்லுவார். அவருக்குக் காது மந்தம்.

"எல்லாரும் உயிரோட இருக்கேக்க ஒருக்கால் கடற்கரையில சேர்ந்திருந்து ஓய்வெடுப்பம்" என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதியவர் பெரியண்ணர். லண்டன், பாரிஸ், ஒஸ்லோ என்று சிதறிக் கிடந்த உறவு முழுக்கக் கட்டைவிரலை உயர்த்தியது. உடனே ஓய்வெடுப்பதற்கு மூன்று குழுக்கள் அமைந்தன: போக்குவரத்து, விளையாட்டு, சாப்பாடு. முதல் இரண்டுக்கும் ஆண்கள் தலைவர், செயலாளர், பொருளாளர் எல்லாம் தெரிவு செய்தார்கள். மூன்றாவதற்குத் தெரிவு நடக்கவில்லை. அது யாரென்று எல்லாருக்கும் தெரியும்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"கடலுக்கோ? ஆருக்கு அந்தியேட்டி?" என்று கேட்டா.

அவவில் பிழையில்லை. எங்கள் பக்கத்தில் மூன்று தலைமுறை ஒன்றாக வெளிக்கிட்டுக் கடற்கரைக்குப் போவதென்றால் அது அனேகமாகக் கீரிமலைதான்: 31ஆம் நாள் அந்தியேட்டிக் காரியத்துக்கு, இல்லாவிட்டால் ஆடி அமாவாசைக்கு. காரைநகர் கசூரினாவுக்கு உல்லாசமாகப் போவது இளந்தாரிகளின் பாடு. கடலோரத்திலேயே பிறந்து வளர்ந்த அம்மா மீன் வாங்கக் கரைக்குப் போவா, விலை கூட என்று சண்டை பிடிப்பா, திரும்பி வருவா. கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததாக எனக்கு நினைவில்லை.

விருந்தினர் வந்திறங்கிய அன்றே முதல் கலவரம். பாரிஸ் பெறாமகன் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் ஒழுங்காகப் படித்தவன். 1415இல் இங்கிலாந்து அரசன் ஐந்தாம் ஹென்றியிடம் பிரெஞ்சுப் படை அடிவாங்கிய இடம் அஜின்கோர்ட். அந்தச் சண்டையின் பெயரைத்தான் 1858இல் இங்குள்ள தபாற்கந்தோருக்கு வைத்தார்கள், ஊருக்கும் அதுவே நிலைத்தது. "நாங்கள் தோத்த இடத்தின்ர பேரில இருக்கிற ஊரில ஏன் சித்தி வீடு வாங்கினீங்கள்?" என்று மனம் நொந்து கேட்டான். லண்டன் அத்தான் விழுந்து விழுந்து சிரித்தார். பையனின் தகப்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. பருத்தித்துறையில் ஒரே ஒழுங்கையில் பிறந்த இரண்டு பேர் ஐந்தாம் ஹென்றியை முன்னிட்டு என் குசினியில் மோதிக்கொண்டார்கள். நான் நடுவில் நின்று ரோல்ஸுக்கு ஆட்டிறைச்சி பிரட்டினேன்.

போன இடம் வசாகா பீச். 401 நெடுஞ்சாலையில் ஏறி 400இல் வடக்கே திரும்பினால் சுமார் 150 கிலோமீற்றர். ஜூலை மாதச் சனிக்கிழமையில் ரொறன்ரோ முழுக்க அந்தப் பாதையில்தான் நிற்கும். 14 கிலோமீற்றர் நீளமான கரை. நன்னீர்க் கடற்கரைகளில் உலகிலேயே நீளமானது இதுதான் என்கிறார்கள். தண்ணீர் ஹூறன் ஏரியினுடையது. அந்த ஏரியின் பரப்பு ஏறத்தாழ 59,600 சதுர கிலோமீற்றர், இலங்கையின் பரப்பு 65,610. இலங்கையைத் தூக்கி ஏரிக்குள் வைத்தால் ஓரம் மட்டும்தான் கொஞ்சம் வெளியே நிற்கும் என்று ஒஸ்லோ மச்சாள் கணக்குச் சொன்னா. "வைச்சுப் பாக்கலாம்தானே" என்றார் சின்னண்ணர். அது மட்டும் அவருக்குத் துல்லியமாகக் கேட்டிருந்தது.

கரையில் ஆண்கள் ஓய்வெடுத்த வேகம் அபாரம். மர நிழலில் பாய் விரிந்தது, 304 சீட்டாட்டம் தொடங்கியது, "தேத்தண்ணி இருக்கோ?" என்ற குரலும் எழுந்தது. விடியப்புறம் மூன்று மணிக்கு எழும்பி இடியப்பம் அவித்த நாங்கள் சாப்பாட்டு ட்றேக்களைத் திறந்தோம், மூடினோம், கடற்பறவைகளைக் கலைத்தோம். ஒஸ்லோப் பிள்ளைகளுக்கு உறைப்பில்லாத கறி தேடினோம்.

அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கினா. நடந்தா, இன்னும் நடந்தா. வசாகாவில் எவ்வளவு தூரம் போனாலும் முழங்கால்தான். குனிந்து ஒரு கை அள்ளி வாயில் வைத்தா. "உப்பில்லை" என்று, என் கறியைப் பற்றிச் சொல்லும் அதே குரலில் சொன்னா. பிறகு கரையைத் திரும்பிப் பார்த்து, "மீன் விக்கிறவை ஒருத்தரையும் காணேல்லை" என்றா.

அன்று அந்தக் கரையில் உண்மையாக ஓய்வெடுத்தது பைப்பிங் புளோவர்தான். உப்புக்கொத்தி இனத்துச் சின்னப் பறவை, அருகிவருவது. மணலில் முட்டையிட்டால் சுற்றி வேலி அடைத்து, கிட்டப் போகவேண்டாம் என்று பலகை நட்டு, தொண்டர்கள் காவல் இருப்பார்கள். ஆணும் பெண்ணும் முறைவைத்து அடைகாக்கும். குஞ்சு பொரித்துக் கொஞ்ச நாளில் தாய் பெரும்பாலும் பறந்துவிடும். மிச்ச வளர்ப்பைத் தகப்பன் பார்க்கும். இதை நான் வாசித்துச் சொன்னதும் பெரியக்கா அந்த வேலியடியை விட்டு அசையவில்லை. 304 விளையாடிக்கொண்டிருந்த அத்தான் தேத்தண்ணிக்கு மூன்று தரம் கூப்பிட்டும் அவ திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த கோடையில் உங்கள் வீட்டாரும் தண்ணீர்க் கரைக்கு வெளிக்கிடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஷெப்பர்ட்டிலும் மார்க்கம் வீதியிலும் எங்கள் ஆட்களின் சாப்பாட்டுக் கடைகள் தாராளமாக இருக்கின்றன. ட்றேக்களை முதல் நாளே சொல்லிவிடுங்கள். தூக்கி ஏற்றுவதைப் போக்குவரத்துக் குழு பார்க்கட்டும், பரிமாறுவதை விளையாட்டுக் குழு பார்க்கட்டும். தேத்தண்ணிப் போத்தலை மட்டும் 304 பாய்க்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள்.