மஞ்சள் வயரியல்: திண்டுக்கல் வழக்கை முன்வைத்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சிக்கல்

திண்டுக்கல் நாகல்நகரில், எங்கள் வீட்டு முன்னறையில், பழைய பிளேஸ்டேஷன் 2 ஒன்று புது மானிட்டரோடு சேர்த்துவைக்கப்பட்டது. மானிட்டருக்கு அகலத்தில் 1920 புள்ளி, உயரத்தில் 1080. வந்த படமோ மார்கழிக் காலையில் சிறுமலையைப் பார்ப்பது போலிருந்தது. மலை இருப்பது தெரிகிறது, மரம் தெரியவில்லை. ஏன் என்பதே வினா.

முன்னோர் கொள்கை

இத்துறையில் மூன்று மரபுகள் உண்டு. பெட்டியின் உச்சியில் அறைவது தட்டல் மரபு. துளையில் வாய்வைத்து ஊதுவது ஊதல் மரபு; இது கேசட் கேம் காலத்தது. பின்னை அரைச்சுற்றுத் திருகித் தீப்பெட்டியால் முட்டுக்கொடுப்பது முறுக்கல் மரபு. மூன்றையும் சோதித்தோம். முதலாவதில் கை வலித்தது. இரண்டாவதில் வாய் உலர்ந்தது. மூன்றாவதில் இருந்த ஒலியும் போயிற்று.

நூற்பாவும் உரையும்

ஒருகம்பி தன்னுள் ஒளிநிறம் சேரின்
வருபடத்தில் இல்லை தெளிவு.

இது என்ன சொல்லிற்றோ எனின், மஞ்சள் பின்னின் இயல்பு சொல்லிற்று. வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. படம் முழுவதும் மஞ்சள் தலையில். ஒளியும் நிறமும் அதற்குள் கலந்து வர, மறுமுனையில் பிரித்தாக வேண்டும். சீரகச்சம்பா பிரியாணியைத் தம் போட்டு இறக்கியபின், அரிசி வேறு கறிச்சாறு வேறாகப் பிரித்துத் தா என்பதற்கு இது ஒக்கும். பிரியாத எச்சமே எழுத்தோரங்களில் எறும்பாக ஊர்கிறது.

காம்போனென்ட் வயரில் படத்துக்கு மட்டும் பச்சை, நீலம், சிவப்பு என மூன்று பின். ஒளி தனி, நிறம் இரு கூறாகத் தனி. இது அடுக்குக் கேரியர்; ரசம் பொரியலில் சிந்தாது. மாட்டியபின் கேம் பெட்டியின் அமைப்புப் பக்கத்திலும் காம்போனென்ட் என மாற்றவேண்டும். மறந்தால் நிறம் தாறுமாறாகும்.

பூட்டு அதிகாரம்

இந்தக் கேம் பெட்டி பின்பற்றும் நம் நாட்டுப் பழைய தொலைக்காட்சி முறையில் படமொன்றுக்கு 625 கோடு. நொடிக்கு 25 படம். ஆக 15,625 கோடு. மானிட்டரில் உள்ள, 1987-இல் பிறந்த விஜிஏ வாயோ நொடிக்கு 31,000-க்கும் மேல் கேட்கிறது. வெறும் மாற்றுப் பின் மாட்டிப் பயனில்லை என்பதைப் பூட்டு ஊரில் விளக்கவேண்டியதில்லை. சாவி நுழைந்தாலும் உள்ளே லீவர் அசையாவிட்டால் மாங்காய்ப் பூட்டு திறக்காது. இடையில் ஒரு கன்வெர்ட்டர் வேண்டும். அதுவும் மஞ்சளை வாங்கி எச்டிஎம்ஐ ஆக்கித் தரும் மலிவுப் பெட்டியானால், கலந்தது கலந்ததே.

இடைப்பிறவரல்: சித்தப்பா மகன் இதையெல்லாம் கேளாமல், தன் புதுக் கேம் பெட்டியின் எச்டிஎம்ஐ வயரை மடிக்கணினியில் செருகினான். அந்தத் துளை படத்தை வெளியே அனுப்பும் வாய். வாங்கும் காது அன்று. இரண்டு வாய் எதிரெதிரே பேசின, கேட்க ஆளில்லை.

அகலக் கேடு

4:3 படத்தை 16:9 திரை முழுக்க இழுத்தால் ஆள் மூன்றில் ஒரு பங்கு பெருப்பான். ஆட்டத்தில் வந்த குத்துச்சண்டை வீரனைக் கண்ட அப்பத்தா, “பரவாயில்லயே, புள்ள நல்லா சதை போட்ருக்கு” என்றார். மானிட்டர் அமைப்பில் 4:3 வைத்ததும், “காய்ச்சல் கீச்சல் வந்துச்சாடா இவனுக்கு?” என்று வருந்தினார்.

முடிவு

மூன்று கம்பி, நல்ல கன்வெர்ட்டர், 4:3 அளவு, கூட்டிவைத்த ஷார்ப்னெஸைக் குறைத்தல் ஆகிய நான்கும் கூடியபோது படம் தெளிந்தது. தெளிந்ததும், பந்தயத் திடலின் கூட்டம் அட்டையில் வெட்டி நிறுத்தியதென்று தெரிந்தது. மரங்கள் பட்டம்போல் தட்டை. பழைய குழாய் டிவி ஓரங்களைக் குழைத்துக்காட்டி இந்த ஏழ்மையை மூடிவந்திருக்கிறது. அந்த ஆட்டங்களை வரைந்தவர்களும் அத்தகைய டிவியை மனத்தில் வைத்தே வரைந்தார்கள்.

ஆகவே, இந்தக் கேம் பெட்டிக்கு ஏற்ற உயர்தரத் திரை, 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் எங்களுக்கு வந்த 14 அங்குலப் பெட்டியே என நிறுவப்படுகிறது.

மேலாய்வுக்கு வழியில்லை. அந்தப் பெட்டியை அம்மா போன மாதமே பழைய சாமான் வண்டிக்குப் போட்டு, பிளாஸ்டிக் குடம் ஒன்று வாங்கியிருந்தார்.

குடத்தின் நிறம் மஞ்சள்.